பங்காளிகளின் பேரரசு

1227 ஆகஸ்ட் மாதம், சீனத்தின் வடமேற்கில் இருந்த தாங்குட் மக்களின் மேற்கு சியா அரசை அழித்துக்கொண்டிருந்த போர்முகாமில் செங்கிஸ் கான் இறந்தார். அப்போது அவரிடம் இருந்த மங்கோலியப் படை 1,29,000 பேர் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் கணக்குத் தருகிறார். அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும் விதம்தான் விசித்திரம். படைப் பட்டியல் போல அல்ல, பாகப்பிரிவினைப் பத்திரம் போல இருக்கிறது. கடைக்குட்டி தொலுய்க்கு 1,01,000 பேர். மூத்தவர்களான ஜோச்சி, சகதாய், ஒகதாய் மூவருக்கும் தலா 4,000. வேறொரு மனைவிக்குப் பிறந்த மகனுக்கும் 4,000. செங்கிஸ் கானின் கடைசித் தம்பிக்கு 5,000. தாய் ஹோவலுன் பெயரில் 3,000. மிச்சமிருந்த 4,000 மற்றத் தம்பிகளின் பிள்ளைகளுக்கு. ஜோச்சி தந்தைக்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டதால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போனது.

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை, மேய்ச்சல் சமூகத்தின் வழக்கம் அது. பிள்ளைகள் வளர வளர, மூத்தவன் முதலாகத் தன் பங்கு மந்தையை ஓட்டிக்கொண்டு தொலைவான புல்வெளிக்குப் போய்விடுவான். தந்தையின் கூடாரமும் அடுப்பும் பெருமந்தையும் வீட்டோடு தங்கும் இளையவனுக்கு. பங்குக்கு மங்கோலிய மொழியில் ‘குபி’ என்று பெயர். பங்காகக் கிடைத்த மக்கள்கூட்டம் ‘உலுஸ்’. நிலத்தை அளந்து எல்லைக்கல் நடும் வழக்கம் அங்கே இல்லை. ஆட்களையும் ஆடுகளையும்தான் பிரித்தார்கள். நூறு குதிரை வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த வழக்கம் சரியாகப் பொருந்தும். மஞ்சள் கடலிலிருந்து காஸ்பியன் கடல்வரை நீண்ட அரசுக்கு?

மங்கோலியர்களின் எழுச்சிக்குக் குதிரையையும் கூட்டுவில்லையும் கொடூரத்தையும் காரணம் சொல்வது வழக்கம். வீழ்ச்சிக்குச் சுகபோகத்தையும் கொள்ளைநோயையும் சொல்வார்கள். குதிரையும் வில்லும் புல்வெளியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்தவை. கொடூரத்துக்கும் அந்த நூற்றாண்டில் எங்கும் பஞ்சமில்லை. மரங்களின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1211 முதல் 1225 வரை மங்கோலியாவில் வழக்கத்துக்கு மாறான நல்ல மழைக்காலம் நிலவியது என்கிறார்கள். மழை பெய்தால் புல் வளரும், புல் வளர்ந்தால் குதிரை பெருகும். ஆனால் பெருகிய குதிரைகளை ஒரே திசையில் செலுத்த ஒருவர் வேண்டுமே. என் பார்வையில் எழுச்சி, வீழ்ச்சி இரண்டுக்குமான விடை அந்தப் பாகப்பிரிவினையில்தான் இருக்கிறது.

தெமுஜினாக இருந்த காலத்திலிருந்தே செங்கிஸ் கான் உறவினர்களால் அடிபட்டவர். ஒன்பது வயதில் தந்தை யெசுகெய் பகைக் குலமான தாத்தார்களால் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். அதுவரை கூட இருந்த தாய்ச்சியுத் பங்காளிகள் விதவையையும் குழந்தைகளையும் ஓனான் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நகர்ந்து போனார்கள். பிள்ளைகள் கிழங்கு தோண்டியும் மீன் பிடித்தும் வளர்ந்தார்கள். பிடித்த மீனைப் பறித்துக்கொண்ட தகராறில் தெமுஜினும் தம்பி கசாரும் சேர்ந்து மாற்றாந்தாய் மகன் பெக்தரை அம்பெய்து கொன்றார்கள். மங்கோலியர்களே எழுதிய ‘மங்கோலியரின் இரகசிய வரலாறு’ இதை மறைக்கவில்லை. “உன் நிழலைத் தவிர உனக்குத் துணையில்லை” என்று தாய் அழுது திட்டியதையும் சேர்த்தே பதிவுசெய்திருக்கிறது.

ஆபத்தில் கைகொடுத்தவர்களோ அந்நியர்கள். களவுபோன குதிரைகளைத் தேடிப்போன வழியில், பால் கறந்துகொண்டிருந்த போகுர்ச்சு என்ற பையன், தந்தையிடம்கூடச் சொல்லாமல் உடன் கிளம்பி வந்தான். ஜெல்மே ஒரு கொல்லனின் மகன். பின்னாளில் ஹங்கேரிவரை படை நடத்திய சுபுதாய் அந்த ஜெல்மேயின் தம்பி. ஜெபே இன்னும் ஒருபடி மேல்: எதிரிப் படையில் நின்று தெமுஜின் பக்கம் அம்பெய்தவன், பிடிபட்டதும் “எய்தது நான்தான்” என்று ஒப்புக்கொண்டு தளபதியானான்.

1202-ல் தாத்தார்கள்மீது படையெடுத்தபோது தெமுஜின் ஒரு புதிய கட்டளை போட்டார். வெற்றி உறுதியாகும்வரை யாரும் கொள்ளையில் கைவைக்கக் கூடாது, கிடைத்ததை எல்லாம் பின்னர் பொதுவில் பங்கிட வேண்டும். சிறிய கட்டளைதான். ஆனால் புல்வெளிப் போரின் அடிப்படையையே அது புரட்டியது. அதுவரை முந்தியவன் கையில் பட்டது அவனுக்கு. எதிரியின் முகாமைப் பிடித்தவுடன் போரை மறந்து கம்பளத்தைச் சுருட்டுவதில் இறங்கிவிடுவார்கள், தப்பியவர்கள் திரும்பி வந்து அடிப்பார்கள். கட்டளையை மீறியவர்கள் யார் என்று பார்த்தால் அல்தான், குச்சர், தாரிதாய் என்ற மூவர். மூவரும் நெருங்கிய இரத்த உறவினர்கள். எடுத்ததைத் தெமுஜின் பறிமுதல் செய்தார். அவர்கள் எதிரணிக்குப் போனார்கள்.

1206-ல் ஓனான் கரையில் கூடிய குருல்தாய், அதாவது இளவரசர்களும் தலைவர்களும் கூடும் பேரவை, அவருக்குச் செங்கிஸ் கான் என்ற பட்டம் சூட்டியது. பட்டத்தைவிட அங்கே நடந்த மறுசீரமைப்பு முக்கியமானது. மக்கள் அனைவரும் 95 ‘ஆயிரங்களாக’ப் பிரிக்கப்பட்டார்கள். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற அடுக்கு. தோற்கடிக்கப்பட்ட தாத்தார், கெரெயித், நைமன் குலத்தவர் பலரைப் பிரித்து வெவ்வேறு ஆயிரங்களுக்குள் கலந்துவிட்டார்கள். தன் அணியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் மரண தண்டனை. யார் எந்தக் குலம் என்ற கேள்வி யார் எந்த ஆயிரம் என்று மாறியது. தளபதிகளின் பிள்ளைகள் பத்தாயிரம் பேர் கொண்ட மெய்க்காவல் படையில் சேர்க்கப்பட்டார்கள். பெருமையான பதவி, கூடவே அப்பன் ஒழுங்காக இருப்பதற்கான பிணை.

இப்படி எல்லாக் குலங்களையும் உடைத்தவர் ஒரே ஒரு குலத்தைத் தொடவில்லை. அது அவர் வீடு.

அந்த வீட்டுக்குள் ஆரம்பத்திலிருந்தே ஒரு விரிசல் இருந்தது. மணமான புதிதில் மனைவி பூர்த்தேயை மெர்கித் குலத்தார் கடத்திப் போனார்கள். சில மாதங்கள் கழித்து மீட்டுக்கொண்டு வந்தபின் பிறந்தவர் ஜோச்சி. செங்கிஸ் கான் அவரைத் தன் மூத்த மகனாகவே நடத்தினார், ஒரு சொல்லும் சொன்னதில்லை. தம்பிகள் சொன்னார்கள். 1219-ல் மத்திய ஆசியாவின் குவாரசம் அரசுமீது படையெடுப்புக்குப் புறப்படும் முன், உங்களுக்குப் பின் யார் என்று ராணி யெசுய் கேட்டுவிட்டார். தந்தை முதலில் ஜோச்சியின் பக்கம் திரும்பினார். அவர் வாய் திறப்பதற்குள் சகதாய் பாய்ந்தார்: மெர்கித்துக்குப் பிறந்தவன் எங்களை ஆள்வதா? ஜோச்சி எழுந்து சகதாயின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். தளபதிகள் இருவரையும் விலக்கிவிட வேண்டியிருந்தது. உலகையே நடுங்கவைத்தவர் அந்த இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறது இரகசிய வரலாறு. கடைசியில் மூன்றாவது மகன் ஒகதாய் என்று சமரசம் ஆயிற்று. மூத்த இருவருக்கும் தந்தை சொன்ன ஆறுதலைக் கவனிக்க வேண்டும்: பூமி பரந்தது, ஆறுகள் பல, உங்கள் இருவருக்கும் தனித்தனியே மேய்ச்சல் நிலம் தருகிறேன்.

இதைவிடத் தெளிவாக ஒரு பேரரசின் கொள்கையைச் சொல்லிவிட முடியாது. சண்டை வந்தால் இன்னும் நிலம் பிடிப்போம், தள்ளித்தள்ளி உட்காரவைப்போம். நிலம் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை இது வேலை செய்யும்.

நிலம் கிடைத்தது. 1215-ல் இன்றைய பெய்ஜிங் இருக்கும் இடத்திலிருந்த, வட சீனத்தை ஆண்ட ஜின் அரசின் தலைநகர் விழுந்தது. 1218-ல் குவாரசத்தின் எல்லை நகரமான ஒத்ராரின் ஆளுநர் சுமார் 450 வணிகர்கள் கொண்ட மங்கோலிய வணிகக் குழுவை ஒற்றர்கள் என்று கொன்றுவிட, அதற்குப் பழியாகப் புகாரா, சமர்கந்து, ஊர்கெஞ்ச், மெர்வ், நிஷாபூர் என்று 1220, 1221 ஆண்டுகளில் மத்திய ஆசியாவின் பெருநகரங்கள் வரிசையாக அழிந்தன. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை என்று அக்கால நூல்கள் தரும் சில, அந்த நகரங்களில் வாழ்ந்திருக்கக்கூடிய மக்கள்தொகையைவிடவே அதிகம், அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கைவினைஞர்களைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டு மற்றவர்களை வெட்டியதும், பாசனக் கால்வாய்கள் தூர்ந்து ஊர்கள் பாலையானதும் உண்மை. பணிந்தால் உயிர் உண்டு, மறுத்தால் இல்லை என்ற செய்தி குதிரையைவிட வேகமாக அடுத்த நகருக்குப் போய்ச்சேர்ந்தது.

வென்ற நிலத்தை என்ன செய்வது என்பதில் மங்கோலியர்களுக்குத் தெளிவில்லை. வட சீனத்தின் உழவர்களைத் துரத்திவிட்டு வயல்களை மேய்ச்சல் நிலமாக்கிவிடலாம் என்று ஒகதாய் அவையில் சிலர் யோசனை சொன்னார்கள். கித்தான் இனத்து அறிஞர் யெலு சூத்சாய் அதைத் தடுத்தார். தருமம் பேசித் தடுக்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒழுங்காக வரி வசூலித்தால் ஆண்டுக்கு 5,00,000 தேல் வெள்ளி, 80,000 பட்டுச் சுருள், நாலு லட்சம் ஷி தானியம். ஒகதாய் ஒப்புக்கொண்டார். மங்கோலியத் தலைநகர் காராகோரத்துக்கு மதில் எழும்பியது, ‘யாம்’ என்ற அஞ்சல் சாவடிகள் புல்வெளியெங்கும் அமைந்தன. சாவடிக்குச் சாவடி குதிரை மாற்றி ஓட்டும் தூதன் கழுத்தில் தொங்கிய உலோகப் பட்டயம் போதும், எவரும் மறிக்க முடியாது.

ஒகதாய் நல்லவர், தாராளமானவர், மகா குடிகாரர். அண்ணன் சகதாய் அவர் குடிக்கும் கிண்ணங்களை எண்ண ஓர் அதிகாரியையே வைத்ததாகவும், ஒகதாய் எண்ணிக்கையை மதித்துக் கிண்ணத்தைப் பெரிதாக்கிக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு.

அவர் ஆட்சியில் மேற்கே போன படையில் எல்லாக் கிளைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். தலைமை ஜோச்சியின் மகன் பாதுவுக்கு. 1240 டிசம்பரில் கீவ் விழுந்தது. 1241 ஏப்ரல் 9 அன்று போலந்தில் லெக்னிட்சா, இரண்டே நாளில் ஹங்கேரியில் மோகி என்று இரு போர்களில் வெற்றி. இந்தப் படையெடுப்பின் நடுவே ஒரு விருந்தில் பாது முதல் கிண்ணத்தை எடுத்துவிட்டார் என்று சகதாயின் பேரன் பூரியும் ஒகதாயின் மகன் குயுக்கும் எழுந்து நின்று, தாடி வைத்த கிழவி என்று ஏசிவிட்டுப் போனார்கள். 1241 டிசம்பரில் ஒகதாய் இறந்தார். அடுத்த ஆண்டு படை ஐரோப்பாவை விட்டுத் திரும்பியது. ஹங்கேரியின் புல்வெளி அத்தனை குதிரைகளுக்குப் போதாது, கற்கோட்டைகள் தொல்லை கொடுத்தன என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. எல்லாமே சேர்ந்திருக்கலாம். ஆனால் பாது மங்கோலியாவுக்குத் திரும்பவே இல்லை, வோல்கா கரையில் தங்கிவிட்டார். அடுத்த கான் குயுக்காக இருக்கும்போது எவர்தான் திரும்புவார்?

குயுக் 1246-ல் கானானபோது இளவரசர்கள் ஒகதாய் வீட்டுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்ததாக ரஷீதுத்தீன் எழுதுகிறார். புல்லில் சுற்றிப் போட்டால் மாடு தின்னாத, கொழுப்பில் சுற்றிப் போட்டால் நாய் முகராத ஒரு துண்டுச் சதையாக ஒகதாயின் வம்சம் சுருங்கிவிட்டாலும், வேறு வீட்டாரை அரியணையில் ஏற்ற மாட்டோம் என்று. இரண்டே ஆண்டில் குயுக் பெரும்படையோடு மேற்கே கிளம்பினார். அது பாதுவின்மேல்தான் என்று தொலுயின் விதவை சோர்காக்தானி இரகசியமாக ஆள் அனுப்பி எச்சரித்தார். வழியிலேயே குயுக் இறந்ததால் போர் நடக்கவில்லை. எச்சரித்த நன்றிக்குப் பாது தன் பலத்தை அவர் மகன் மோங்கேயின் பக்கம் வைத்தார். 1251-ல் மோங்கே கானானார். ஒகதாய், சகதாய் கிளைகளின் இளவரசர்கள் சதிக்குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள், குயுக்கின் விதவையும் தப்பவில்லை. சத்தியம் ஐந்து ஆண்டு தாங்கியது.

மோங்கே திறமையானவர் என்பதால் பிளவு எட்டு ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. தம்பி ஹுலாகு பாரசீகம் போய் 1256-ல் அலமுத் கோட்டையையும், 1258 பிப்ரவரியில் பாக்தாதையும் பிடித்தார். அரச இரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்று கலீபாவைக் கம்பளத்தில் சுருட்டிக் குதிரைகளால் மிதிக்கவைத்ததாகச் சொல்வார்கள். இன்னொரு தம்பி குப்ளாய் சீனத்தில். மோங்கேயும் தென் சீனத்தை ஆண்ட சொங் அரசைத் தாக்க நேரில் வந்தார். 1259 ஆகஸ்டில், தியாவ்யூ என்ற மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது இறந்துபோனார்.

ஹுலாகு சிரியாவிலிருந்து பெரும்படையை அசர்பைஜான் பக்கம் திருப்பினார். சிரியாவில் தீவனம் போதவில்லை என்று பிரெஞ்சு மன்னருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. கித்புகா என்ற தளபதியோடு விட்டுப்போன சிறுபடையை 1260 செப்டம்பர் 3 அன்று அய்ன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட அடிமை வீரர்களான மம்லூக்குகள் அழித்தார்கள். அங்கே வென்றவர்களில் முக்கியமானவரான பைபர்ஸ் ஒரு கிப்சாக், வோல்காவுக்கும் கருங்கடலுக்கும் இடைப்பட்ட புல்வெளிக்காரர். பாதுவின் படை அந்தப் புல்வெளியைக் கலைத்தபோது அடிமையாக விற்கப்பட்டு எகிப்து போய்ச்சேர்ந்தவர். மங்கோலியர்களை நிறுத்தியது மங்கோலியர்களால் வீடிழந்த இன்னொரு குதிரைவீரன்.

அதே 1260-ல் குப்ளாய் மே மாதம் சீனத்தில் தனக்கு வேண்டியவர்களை வைத்துக் குருல்தாய் கூட்டிக் கானானார். அடுத்த மாதமே காராகோரத்தில் கடைசித் தம்பி அரிக் போகே கானானார். வழக்கப்படி அடுப்பு இளையவனுக்கு. ஆனால் காராகோரத்தின் அடுப்பு எரிய வேண்டுமானால் சீனத்திலிருந்து தானிய வண்டிகள் வர வேண்டும். குப்ளாய் வண்டிகளை நிறுத்தினார். நான்கு ஆண்டுகளில் தம்பி சரணடைந்தார். மேற்கே இதைவிட மோசம். பாதுவின் தம்பி பெர்கே இஸ்லாத்தைத் தழுவியவர். கலீபாவைக் கொன்ற கோபம் ஒருபுறம், அசர்பைஜான் புல்வெளி ஜோச்சி வீட்டுப் பங்கு என்ற வாதம் மறுபுறம். 1262-ல் ஹுலாகுவோடு போர் தொடுத்தார். பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் காகசஸ் மலையடிவாரத்தில் வெட்டிக்கொண்டார்கள். பெர்கே எகிப்தோடு உறவு வைத்துக்கொண்டார். கருங்கடல் வழியாகக் கிப்சாக் இளைஞர்கள் எகிப்துப் படைக்குத் தொடர்ந்து விற்கப்பட்டார்கள். ஒரு மங்கோலியன் இன்னொரு மங்கோலியனை அடிக்க அடிமை வீரர்களை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஆக, சொங் அரசை முற்றிலும் முடித்துக் குப்ளாய் முழுச் சீனத்துக்கும் பேரரசரான 1279-ல், வரைபடத்தில் மங்கோலியப் பேரரசு அதன் உச்சத்தில் இருந்தது. உண்மையில் அப்படி ஒரு பேரரசு இல்லாமல் போய் இருபது ஆண்டு ஆகிவிட்டிருந்தது. சீனத்தில் குப்ளாயின் யுவான் அரசு, பாரசீகத்தில் ஹுலாகு வீட்டாரின் இல்கான் அரசு, வோல்காவில் ஜோச்சி வீட்டாரின் பொன்முகாம், நடுவில் சகதாய் கிளை. நடுவே ஒகதாயின் பேரன் கைது, இழந்த பங்கைக் கேட்டு 1301-ல் சாகும்வரை குப்ளாய் வீட்டாரோடு போரிட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தத் தாயாதிச் சண்டையின் அலை தமிழ்க் கரையையும் தொட்டது. பாரசீகத்தின் இல்கான் அர்கூனுக்கு மணமகளாகக் கோகசின் என்ற இளவரசியைச் சீனத்திலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. தரைவழி போரால் அடைபட்டிருந்தது. எனவே சுவான்சோ துறைமுகத்திலிருந்து 14 கப்பல்களில் கடல்வழியே அனுப்பினார்கள். உடன் வந்தவர்களில் ஒருவர் மார்க்கோ போலோ. அரபியர் மாபார் என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கரையின் முத்துக்குளிப்பையும், அரசர்கள் கடல்கடந்து குதிரை வாங்கிக் குவித்ததையும் அவர் வர்ணித்தது இந்தப் பயணத்தால்தான். மணமகள் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை இறந்துவிட்டார். அவர் மகன் கசானுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தச் சுவான்சோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203 சித்திரை மாதம், அதாவது 1281. கானின் பர்மான்படி, அதாவது அரசாணைப்படி, கானின் திருமேனி நன்றாக இருப்பதற்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளுவித்த செய்தி. அந்தக் கான் குப்ளாய்தான் என்று கருதப்படுகிறது. பாரசீகச் சொல்லான பர்மான், தமிழ் எழுத்தில், சீனக் கரையில். அந்த ஆண்டுதான் குப்ளாயின் இரண்டாவது ஜப்பான் படையெடுப்பு புயலில் சிக்கி அழிந்தது.

ஜப்பான், வியட்நாம், 1293-ல் ஜாவா, எல்லாமே தோல்வி. குதிரைக்குப் பொருந்தாத கடலும் சேறும் ஒருபுறம் இருக்கட்டும். பங்கிட்டுக் கொடுக்கப் புது நிலம் இல்லை என்பதே இதன் பொருள். இருந்ததைத்தான் இனிப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். பிடுங்கினார்கள். சீனத்தில் 1307-க்கும் 1333-க்கும் இடையில் எட்டுப் பேர் அரியணை ஏறினார்கள். ஒருவரைச் சொந்த அதிகாரிகளே கொன்றார்கள், இன்னொன்று ஆறு வயதுக் குழந்தை. இதற்கிடையே ஒவ்வொரு புதிய பேரரசரும் ஆதரித்த உறவினர்களுக்கு வெள்ளியும் பட்டும் அள்ளிக் கொடுக்க வேண்டும். கொள்ளைப் பொருளைப் பங்கிடும் பழைய மரியாதைதான், கொள்ளை மட்டும் நின்றுபோயிருந்தது. காகிதப் பணத்தை அச்சிட்டார்கள். அது மதிப்பிழந்தது. 1344-ல் மஞ்சள் ஆறு கரையுடைந்தது. 1351-ல் ஆற்றைத் திருப்ப ஒன்றரை லட்சம் பேரைக் கூலிக்கு இழுத்த இடத்தில் செந்தலைப்பாகைக் கலகம் மூண்டது. 1368-ல் ஏழை உழவர் வீட்டில் பிறந்து துறவியாக அலைந்த சூ யுவான்சாங்கின் படை தலைநகர் தாதுவை நெருங்கியபோது, கடைசிப் பேரரசர் தோகோன் தெமூர் இரவோடு இரவாக வடக்கு நோக்கிப் போய்விட்டார். பிறந்த புல்வெளிக்கே.

பாரசீகத்தில் முடிவு இன்னும் எளிமையானது. கசான் தன் பட்டத்துக்குப் போட்டியாக வரக்கூடிய உறவினர்கள் பலரைத் தீர்த்துக்கட்டியிருந்தார். 1335-ல் அபூ சயீத் ஆண் வாரிசில்லாமல் இறந்தபோது நேர்வழியில் உட்காரவைக்க ஆளில்லை, இல்கான் அரசு துண்டுதுண்டானது. வோல்காவில் கொள்ளைநோய்க்குப் பின், 1359-லிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கான் பட்டம் சூடினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் பட்டம் கான் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. 1370-ல் சமர்கந்தில் ஆட்சிக்கு வந்த தைமூர், பின்னாளில் டெல்லியையும் டமாஸ்கஸையும் சூறையாடிய தைமூர், தன்னைக் கான் என்று அழைத்துக்கொள்ளவில்லை. செங்கிஸ் கானின் இரத்தம் இல்லாதவர் அந்தச் சொல்லைத் தொட முடியாது. கான் வம்சத்துப் பெண்ணை மணந்துகொண்டு ‘குரேகான்’ என்று போட்டுக்கொண்டார். மருமகன் என்று பொருள். அரியணைக்கு ஒரு பொம்மைக் கானைத் தேடிப்பிடித்து, அவர் பெயரில் நாணயம் அடித்தார். சுயுர்காத்மிஷ் என்ற அந்தக் கான், மாடும் தின்னாத நாயும் முகராத ஒகதாயின் வம்சம்.